ஒரே ஒரு தையல்: வீட்டுக்கு முதல் மிஷின் வாங்குவோருக்கு

அரிசி மூட்டையின் வாயைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேவையில்லை. சரியான முனையைத் தேடிப் பிடித்து நூலை இழுத்தால், சரசரவென்று மொத்தத் தையலும் அவிழ்ந்து கையோடு வந்துவிடும். அதே வித்தையை உங்கள் ஜாக்கெட்டின் பக்கத் தையலில் காட்டிப் பாருங்கள். எந்த முனையில் இழுத்தாலும் துணி சுருங்கும், நூல் அறுந்து கையில் வரும், தையல் மட்டும் அங்கேயே நிற்கும்.

இரண்டும் மிஷின் போட்ட தையல்தான். மூட்டையின் வாயில் இருப்பது சங்கிலித் தையல். ஒரு நூல் வளையமாகி, அந்த வளையத்துக்குள் அடுத்த வளையம் நுழைந்து, அதற்குள் அதற்கடுத்தது என்று போகும். கடைசி வளையம் விட்டால் எல்லாம் விட்டது. ஜாக்கெட்டில் இருப்பது பூட்டுத் தையல். மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். துணியின் கனத்துக்குள் இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கும். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக்கு முதன்முதலாக மிஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் கேட்பது, "இதுல எத்தனை டிசைன் வரும்?" என்றுதான். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று, அறுபது என்று கடைக்காரரும் அடுக்குவார். எண்ணிக்கையோடு விலையும் ஏறும். வாங்கி வந்த பிறகு வீட்டில் தைப்பதில் பெரும்பகுதி நேர்த் தையல். அதை ஒழுங்காகப் போடாத மிஷினில் அறுபது டிசைன் இருந்து என்ன பயன்? ஒரே ஒரு தையல் எப்படி விழுகிறது என்று புரிந்துகொண்டால், கடையில் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கத் தேவையில்லை என்பது தானாகத் தெளிந்துவிடும்.

ஊசியின் காது

கை ஊசிக்குக் காது பின்முனையில் இருக்கிறது. ஊசி முழுதாகத் துணிக்குள் புகுந்து மறுபக்கம் வர வேண்டும். நூல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். இதை அப்படியே இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது கடினம். ஊசியை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் பிடிக்க வேண்டியிருக்கிறது. கூர்முனைக்கு அருகிலேயே காது இருந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஊசி மூக்கை மட்டும் நுழைத்து, நூலைக் கீழே கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடலாம்.

பிரான்சின் பார்த்தெலமி திமோனியே 1830இல் காப்புரிமை பெற்ற மிஷின், கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போட்டது. பாரிஸில் அவருடைய மிஷின்கள் ராணுவச் சீருடை தைத்துக்கொண்டிருந்தன. பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையல்காரர்கள் 1831இல் பட்டறைக்குள் புகுந்து அவற்றை உடைத்துப் போட்டார்கள். அதே பத்தாண்டில் நியூயார்க்கின் வால்டர் ஹன்ட், முனையில் காது வைத்த ஊசியையும் கீழ் நூலைச் சுமந்து ஓடும் ஓடத்தையும் சேர்த்துப் பூட்டுத் தையல் போட்டுக் காட்டினார். நெசவாளியின் தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடுமே, அதே ஓடம்தான். ஹன்ட் இதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். இன்று சேலை மடிப்பில் நாம் குத்திக்கொள்ளும் ஊக்குக்கு 1849இல் காப்புரிமை பெற்றவரும் இவரே.

பூட்டுத் தையலுக்கான காப்புரிமை 1846இல் எலியாஸ் ஹோவுக்குப் போனது. 1851இல் ஐசக் சிங்கர் ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி, துணியைத் தட்டையாகப் பரப்பி, அதன் மேல் அழுத்தும் பாதத்தையும் வைத்தார். ஆலன் வில்சன் என்பவர் சுழலும் கொக்கியையும், துணியை நகர்த்தும் பல்லின் நால்வகை அசைவையும் தந்தார். பிறகு 1850களிலேயே சிங்கர் நிறுவனம் தவணை முறையில் விற்கத் தொடங்கியதும், மிஷின் பட்டறையை விட்டு வீட்டுக்குள் வந்தது. இயந்திரங்களை எல்லாம் எதிர்க்கிறீர்களா என்று 1924இல் கேட்கப்பட்டபோது, காந்தி விலக்கு அளித்த இயந்திரம் சிங்கரின் தையல் மிஷின். 1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் உஷா மிஷின்களைச் செய்யத் தொடங்க, நம் ஊர் வீடுகளுக்கும் கறுப்பு இரும்பு மிஷின் பழக்கமானது.

தட்டுக்கு அடியில்

நிமிடத்துக்கு 720 தையல் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 12 தையல். அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கு நொடிக்குள் ஊசித் தட்டுக்கு அடியில் ஒரு சிறு நாடகம் நடந்து முடிகிறது.

ஊசி நூலோடு கீழே இறங்குகிறது. கடைசிவரை இறங்கி, இரண்டு மில்லிமீட்டர் அளவு மேலே எழும்புகிறது. ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் உண்டு. அந்தப் பக்க நூல் பள்ளத்துக்குள் ஒளிந்துகொண்டு தடையில்லாமல் நகரும். மறுபக்கம் அப்படி ஒளிய இடமில்லை. ஊசி மேலேறும்போது அந்தப் பக்க நூலைத் துணி உரசிப் பிடித்துக்கொள்கிறது. மேலே போக முடியாத நூல் ஊசிக்குப் பக்கத்தில் குட்டி வளையமாகப் புடைக்கிறது. சரியாக அந்தக் கணத்தில் ஷட்டில் எனப்படும் ஓடத்தின் கொக்கி வந்து வளையத்துக்குள் மூக்கை நுழைக்கிறது. அதை விரித்து, கீழ் நூல் சுற்றிய பாபின் இருக்கும் கூட்டை முழுதாகச் சுற்றி எடுத்துச் செல்கிறது. மேல் நூலின் வளையத்துக்கு நடுவே கீழ் நூல் இப்போது அகப்பட்டுவிட்டது. மிஷினின் முகத்தில் மேலும் கீழும் ஆடுகிறதே ஒரு நெம்புகோல், அது மிச்ச நூலை மேலே இழுக்கிறது. பூட்டு விழுகிறது.

தொடக்கநிலையில் நமக்கு வரும் தொல்லைகளில் பாதி அந்தக் குட்டி வளையத்தைச் சுற்றியே வருகின்றன. ஊசியைத் திருப்பி மாட்டினால் வளையம் தவறான பக்கத்தில் புடைக்கும். கொக்கி வெறுங்கையோடு திரும்பும். ஊசி மயிரிழை வளைந்திருந்தாலும் கொக்கி தவறவிடும். தையல் விட்டு விட்டு விழுவதற்கு இவைதான் முதல் காரணங்கள். டி-ஷர்ட் போன்ற இழுபடும் பின்னல் துணி ஊசியோடு சேர்ந்தே மேலெழும்பும்; உரசல் இல்லாததால் வளையம் உருவாகாது. அதற்கு முனை உருண்ட ஊசி வேண்டும். அது இழைகளைக் குத்தி அறுக்காமல் ஒதுக்கிவிட்டு இறங்கும்.

ஊசி உறையில் 90/14 என்பதுபோல் இரட்டை எண் இருக்கும். முதல் எண் ஊசித் தண்டின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. அதாவது 90 என்றால் 0.90 மில்லிமீட்டர். மெல்லிய பட்டுக்கும் வாயிலுக்கும் 75/11, ஜாக்கெட் துணிக்கும் சாதாரணப் பருத்திக்கும் 90/14, ஜீன்ஸுக்கு 100/16 என்று வைத்துக்கொண்டால் தொடங்கப் போதும். வீட்டு மிஷின் ஊசிகள் பலவற்றின் மேல்தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தொழிற்சாலை ஊசியின் தண்டு முழு உருளை. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.

நூலையும் கவனியுங்கள். பாபினைச் சுற்றி வர ஒவ்வொரு தையலுக்கும் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் நூல் கீழே இறங்குகிறது. தையலில் தங்குவது மூன்று மில்லிமீட்டர் சொச்சம். மற்றதெல்லாம் திரும்ப மேலே போகிறது. ஆக, நூலின் ஒரே இடம் துணியில் அமர்வதற்குள் ஊசிக் காதை முப்பது முறை போலக் கடக்கிறது. பிசிர் பிசிரான மலிவு நூல் அடிக்கடி அறுவதற்கு மிஷினைத் திட்டுவது நியாயமில்லை.

கயிறு இழுக்கும் போட்டி

மேல் நூலை இரண்டு தட்டுகள் அழுத்திப் பிடிக்கின்றன. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. இதைத்தான் டெய்லர்கள் டென்ஷன் என்கிறார்கள். கீழ் நூலைப் பாபின் கேஸில் உள்ள சிறு தகடு பிடிக்கிறது. இரண்டு பிடியும் சமமாக இருந்தால் பூட்டு துணியின் நடுவில் விழும். மேல் பிடி இறுகினால் கீழ் நூல் மேலே எட்டிப் பார்க்கும். மேல் பிடி தளர்ந்தால் மேல் நூல் அடியில் போய்த் தொங்கும்.

புதிதாகத் தைப்பவர்களைக் கலங்கடிப்பது இந்தக் கடைசி நிலை. துணியைத் திருப்பினால் அடியில் நூல் குருவிக்கூடு போலச் சிக்கிக் கிடக்கும். அடியில் கிடப்பதால் பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். நானும் ஒரு பிற்பகல் முழுக்க அதைச் செய்துவிட்டு, மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு டெய்லர் அண்ணனிடம் போனேன். அவர் பாபினைத் தொடவே இல்லை. பாதத்தைத் தூக்கினார், மேல் நூலை உருவிவிட்டுத் திரும்பக் கோத்தார், தைத்துக் காட்டினார். குருவிக்கூடு காணோம். "பாதத்தை இறக்கி வச்சு நூல் கோத்திருக்கீங்க. நூல் டென்ஷன்லயே உக்காரல" என்றார்.

பாதம் தூக்கியிருக்கும்போது மட்டுமே டென்ஷன் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். பாதம் இறங்கியிருந்தால் தட்டுகள் மூடிக்கொள்ளும். நூல் மேலாகவே வழுக்கிப் போகும். அடியில் தெரியும் குறை பெரும்பாலும் மேலிருந்து வருகிறது: இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் ரிப்பேர் கடைக்குப் போகும் பல நடை மிச்சம்.

பல்லும் டிசைனும்

துணியை நகர்த்துவது நம் கை என்று நினைப்போம். நகர்த்துவது ஊசித் தட்டின் பிளவுகளில் தலைகாட்டும் பல். மேலே எழும், பின்னால் தள்ளும், கீழே இறங்கும், முன்னால் வரும். ஊசி துணியை விட்டு வெளியே இருக்கும் நேரத்தில்தான் அது துணியைத் தள்ளும். நாம் பின்னாலிருந்து துணியைப் பிடித்து இழுத்தால் துணிக்குள் இருக்கும் ஊசி வளையும், தட்டில் மோதும், உடையும். கையின் வேலை வழிகாட்டுவது மட்டும்.

ஊசி இருந்த இடத்திலேயே ஏறி இறங்கினால் நேர்த் தையல். ஊசி இடவலமாகவும் ஆடினால் ஜிக்ஜாக். பெட்டியில் அச்சிட்டிருக்கும் இருபது, முப்பது டிசைன்களும் ஊசியின் இடவல ஆட்டத்தையும் துணியின் முன்பின் நகர்வையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து போட்டவைதான்.

ஜிக்ஜாக் அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஊசி ஆடும்போது துணி 1.5 மில்லிமீட்டர் நகர்ந்தால், சாய்வாக விழும் நூலின் நீளம் 2.5 மில்லிமீட்டர், பள்ளிக்கூடத்துப் பைதாகரஸ் கணக்குத்தான். ஒன்றரை மில்லிமீட்டர் துணிக்கு இரண்டரை மில்லிமீட்டர் நூல் சேமிப்பில் இருக்கிறது. துணியை இழுத்தால் சாய்வு நிமிர்ந்து நூல் இடம் கொடுக்கும். நேர்த் தையலுக்கு இந்தச் சேமிப்பு கிடையாது. நைட்டிக்கும் குழந்தைச் சட்டைக்கும் எலாஸ்டிக் வைத்து நேர்த் தையல் போட்டால் இரண்டாம் நாள் பட்டென்று விடுவது இதனால்தான். வெட்டிய துணியின் ஓரம் பிரியாமல் கட்டவும் ஜிக்ஜாக் உதவும்.

ஆகவே வீட்டுக்கு வேண்டியவை: நேர்த் தையல், ஜிக்ஜாக், காஜா, பின்னோக்கித் தைக்கும் வசதி. தையலின் நீளத்தையும் ஜிக்ஜாக்கின் அகலத்தையும் நாமே கூட்டிக் குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. இவை ஏழு டிசைன் மிஷினிலேயே கிடைத்துவிடும். பூவும் வாத்தும் போடும் மிஷினுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

கனமும் வேகமும்

நொடிக்குப் பன்னிரண்டு முறை மேலும் கீழும் போய்வரும் இரும்புத் தண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் மிஷினை எதிர்த்திசையில் உதைக்கிறது. வார்ப்பிரும்பு உடம்பு அந்த உதையை விழுங்கிவிடும். முழு பிளாஸ்டிக் உடம்பாக இருந்தால் மிஷின் மேசையில் நகரும், தையல் அலையும். கையில் எடுத்துப் போகும் மின் மிஷின்களில் வெளிக்கூடு பிளாஸ்டிக்காக இருக்கலாம். உள்ளே உலோகச் சட்டம் இருக்க வேண்டும். தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இறகு போலிருந்தால் வேண்டாம்.

வீட்டு மின் மிஷின்களின் மோட்டார் பெரும்பாலும் ஒரு சீலிங் ஃபேன் எடுக்கும் மின்சாரத்தைத்தான் எடுக்கும். மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது, மெல்ல ஓடும்போதும் அதற்குப் பலம் இருக்கிறதா என்பது. சில மிஷின்கள் மிதியை லேசாக அழுத்தினால் முனகிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் கூட அழுத்தினால் பாய்ந்தோடும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட எதிரி வேறில்லை. முனையில் திரும்பவும், கழுத்து வளைவைச் சுற்றவும் ஒவ்வொரு தையலாகப் போட முடிய வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தில் பழைய கால் மிஷினை மிஞ்ச ஆளில்லை. அதன் கனமான சக்கரம் சுழலும் வேகத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. தடித்த மடிப்பு வரும்போது அந்தச் சேமிப்பு ஊசியை உள்ளே தள்ளுகிறது. கைச் சக்கரத்தைத் தொட்டால் உடனே நிற்கிறது. கரண்ட் போனாலும் தையல் நிற்காது.

யாருக்கு எது

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஸ்டேப்ளர் போன்ற கையடக்க மிஷினை வாங்க வேண்டாம். அதில் பாபின் கிடையாது. பாபின் இல்லை என்றால் பூட்டு இல்லை. அது போடுவது மூட்டை வாய்த் தையல். ஆசைப்பட்டு வாங்கி அதில் நான் தைத்த தலையணை உறை முதல் சலவையிலேயே வாயைத் திறந்துவிட்டது. பொம்மை போன்ற பேட்டரி மிஷின்கள் சிலவற்றில் பாபின் இருக்கும்; ஆனால் நாலு மடிப்புத் துணியைக் கண்டால் மூச்சு வாங்கும்.

ஜாக்கெட் பிரித்துப் பிடிப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, திரைச்சீலை, பிள்ளைகளின் பாவாடை, கிழிந்த பை என்று வீட்டு வேலை மட்டும் என்றால், டிசைன் குமிழ் திருகும் சாதாரண மின் ஜிக்ஜாக் மிஷின் போதும். திரையும் பொத்தானும் கொண்ட கணினி மிஷின் தொடக்கத்துக்கு அவசியமில்லை. அதில் மின்சுற்றுப் பலகை பழுதானால் செலவும் பெரிது.

ஜாக்கெட் தைத்துச் சம்பாதிக்க வேண்டும், தினமும் நாலைந்து மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றால், நேர்த் தையல் மட்டும் போடும் முழு இரும்பு மிஷினை ஸ்டாண்டோடு வாங்குங்கள். வேண்டுமானால் பிறகு மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். பழைய மிஷினாக இருந்தாலும் பரவாயில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்ற வேண்டும்; ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது.

தொழிற்சாலைகளில் ஓடும் பவர் மிஷின், நிமிடத்துக்குச் சில ஆயிரம் தையல் போடும். திருப்பூருக்கு அது அழகு. கற்றுக்கொள்பவரின் விரலுக்கு ஆபத்து.

பாபின் முன்னால் நிற்கும் மிஷினா, மேலிருந்து போடும் மிஷினா என்றும் கேட்பார்கள். மேலிருந்து போடுவது எளிது. கண்ணாடி போன்ற மூடி வழியாக மிச்ச நூல் தெரியும். முன்னால் மாட்டுவதில் இரும்புப் பாபின் கேஸ் இருக்கும். அதன் உதிரிப்பாகம் சின்ன ஊரிலும் கிடைத்துவிடும். பக்கத்தில் சர்வீஸ் இல்லாத ஊர் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கடையில் கால் மணி நேரம்

கடைக்காரர் விறைப்பான, கஞ்சி போட்ட துணித்துண்டில் தைத்துக் காட்டுவார். அதில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும். வீட்டிலிருந்து மூன்று துண்டு கொண்டுபோங்கள்: ஒரு மெல்லிய சேலைத் துணி, ஒரு பழைய டி-ஷர்ட், ஒரு ஜீன்ஸ் கால் விளிம்பு. மேலே ஒரு நிறம், பாபினில் வேறு நிறம் என்று நூல் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் அதனதன் நிறம் மட்டும் தெரிந்தால் டென்ஷன் சரி.

நூலை நீங்களே கோத்துப் பாருங்கள். கடைக்காரர் கோத்தால் கணக்கில்லை. மிதியை எறும்பு நடைக்கு அழுத்துங்கள், மிஷின் முனகாமல் நகர வேண்டும். ஜீன்ஸின் தடித்த முடிச்சைக் கடக்க வையுங்கள். கைச் சக்கரத்தின் உதவியோடு கடந்தாலும் பாதகமில்லை. ஒரு காஜா போட்டுப் பாருங்கள். இதையெல்லாம் செய்ய விடாத கடையில் வாங்காதீர்கள்.

வாங்கி வந்தபின் ஒரு வேண்டுகோள். மிஷின் சத்தம் போட்டால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் மிஷின் இறுகி நிற்கும். நாளாக ஆகப் பிசினாகவும் மாறும். மிஷின் எண்ணெய் என்று கேட்டு வாங்கி, கையேடு காட்டும் இடத்தில் ஒரு சொட்டு விடுங்கள். பாபின் கூட்டில் சேரும் பஞ்சைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுங்கள். மிஷினிலேயே மலிவான பாகம் ஊசிதான். பெரும்பாலான கோளாறுகள் ஊசியை மாற்றி, பாதத்தைத் தூக்கி நூலை மறுபடி கோத்தாலே போய்விடும்.